செர்வாண்டிஸின் விண்ணப்பம்

1590ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் வேந்தர் இரண்டாம் பிலிப்பின் திருமுன்னர் ஒரு விண்ணப்பம் வைக்கப்பெற்றது. கடல் கடந்த அமெரிக்க ஆட்சிப்பகுதிகளில் காலியாய்க் கிடந்த பதவிகளுள் ஏதேனும் ஒன்றை அருள வேண்டுமென்று 42 வயது நிரம்பிய முன்னாள் படைவீரர் ஒருவர் அதில் வேண்டியிருந்தார். அவரே மிகெல் தெ செர்வாண்டிஸ்.

புதிய கிரனாடாவின் கணக்கர், கார்த்தஹேனாப் போர்க்கலங்களின் கணக்கர், லா பாஸ் நகரின் ஆட்சியலுவலர், குவாத்தமாலாப் பக்கத்துச் சொகொனுஸ்கோவின் ஆளுநர் என நான்கு பதவிகளை அவர் சுட்டியிருந்தார். எதைத் தந்தாலும் ஏற்கும் நிலையில் இருந்தவரின் பட்டியல் அது.

வேண்டுதற்கு அவருக்கு உரிமை இருந்தது. 1571 அக்டோபர் 7இல் லெபாந்தோக் கடற்போரில், காய்ச்சலோடு கிடந்தவர் கீழ்த்தளத்தில் ஒதுங்க மறுத்துப் போரிட்டார். மார்பில் இரு குண்டுகள் பாய்ந்தன; இடக்கை பயனற்றுப் போயிற்று. 1575இல் தாயகம் திரும்புகையில் கடற்கொள்ளையர் அவரைச் சிறைப்பிடித்து அல்ஜியர்சுக்குக் கொண்டுசென்றனர். அவரிடம் இருந்தவை ஆஸ்திரியாவின் தோன் ஹுவானும் செசாக் கோமகனும் தந்த பரிந்துரைக் கடிதங்கள். பதவி பெற்றுத் தரவேண்டிய அக்கடிதங்களே, கைதியைப் பெருமகன் என நம்பச் செய்து மீட்புத் தொகையை உயர்த்திவிட்டன! நான்கு முறை தப்ப முயன்று தோற்றார். குடும்பம் தன் உடைமையெல்லாம் திரட்டித் தர, திரித்துவ சபைத் துறவியர் 1580இல் 500 எஸ்குதோ கொடுத்து அவரை மீட்டனர்.

மீண்டவருக்குப் பரிசில் ஏதும் கிட்டவில்லை. 1585இல் 'லா கலாத்தேயா' வெளிவந்தது. அதனால் வறுமை தீரவில்லை. 1587 முதல் அந்தலூசியச் சிற்றூர்களில் அரச கடற்படைக்குக் கோதுமையும் எண்ணெயும் தண்டும் வேலை. திருச்சபையின் தானியத்தில் கைவைத்ததற்காக எசிஹாவில் சமய விலக்குக்கும் ஆளானார். மக்களின் வசை நாள்தோறும் வந்தது. ஊதியம் மட்டும் காலத்தில் வரவில்லை. இதிலிருந்து விடுபடவே அந்த விண்ணப்பம்.

ஜூன் தொடக்கத்தில் இந்தியத் தீவுகளின் அவை முடிவு செய்தது. இங்கேயே ஏதேனும் தேடிக்கொள்ளட்டும் என்ற பொருளில், விண்ணப்பத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு. இருபத்திரண்டு ஆண்டுத் தொண்டிற்கு அவ்வளவே விடை.

அம்மறுப்பால்தான் உலகுக்கு 'டான் குவிக்சாட்' கிடைத்தது என்று மகிழ்ந்து பேசுவோர் உண்டு. நூல் வெளிவந்ததோ 1605இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளை வாழ்ந்து கழித்தவருக்கு அந்த மகிழ்ச்சி தெரிந்திருக்க வழியில்லை. வரிப்பணத்தை ஒப்படைத்திருந்த வட்டிக்கடைக்காரர் நொடித்துப்போக, 1597இல் செவில் சிறையில் அடைபட்டார்.

மன்னர் தராத ஆளுநர் பதவியைப் பின்னர் அவரே ஒருவருக்கு வழங்கினார். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், எழுத்தறியாச் சாஞ்சோ ஒரு தீவை ஆள்கிறான். கற்றோர் நாணும்படி நீதி வழங்குகிறான். வெறுங்கையோடு வந்தவன் வெறுங்கையோடே கழுதையேறித் திரும்புகிறான்.

1616 ஏப்ரல் 22இல் மத்ரித்தில் செர்வாண்டிஸ் மறைந்தார். தம்மை மீட்ட திரித்துவ சபையின் கன்னியர் மடத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.