இராமநாதனைத் தெரிந்தவர்கள்



தம்புள்ளையிலிருந்து ஓர் அன்பர் எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக என் மேசைமேல் கிடக்கிறது. மாத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, மரக்கறி வியாபாரத்தின் பொருட்டுத் தம்புள்ளையில் குடியேறியவர் அவர். தேர்தல் என்று வந்தால் தமது பக்கத்தில் நம்மவர் என்று சொல்லத்தக்க எவரும் வெல்லப்போவதில்லை. தமிழரும் இல்லை, நம் சமயத்தவரும் இல்லை. அப்படியிருக்க யாருக்குப் புள்ளடி இட்டால் என்ன, வீட்டிலேயே இருந்துவிட்டால்தான் என்ன என்பது அவருடைய கேள்வி. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் பிரசங்கமாகப் போயிற்று, கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாக ஒரு மனிதருடைய வரலாற்றைச் சொல்கிறேன். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைக் கேளாத தமிழர் இரார். ஆனால் அவரைத் தெரிந்தெடுத்தவர்கள் யார், எதைப் பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள் என்பதை நம்மில் பலர் யோசித்ததில்லை.

கதையைத் தம்புள்ளையிலேயே தொடங்கலாம். 1848 யூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவருக்கு முடிசூட்டினார்கள். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதிக்கு வரி என்று ஆங்கில அரசு புதிது புதிதாக விதித்த ஆண்டு அது. மக்களின் குறை உண்மையானது. ஆனால் அதை எடுத்துச் சொல்லச் சபையில் ஆளில்லை. ஆளை அனுப்ப வாக்கும் இல்லை. ஆகவே அவர்கள் ஓர் அரசனைத் தேடினார்கள். அரசனுக்கு வேண்டிய தகுதி அரச வம்சம். பண்டாவும் தம்மைக் கண்டி அரச வம்சத்தவர் என்றே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் கொழும்புக்கு அருகே பேலியகொடையில் பிறந்த சாதாரண குடிமகன். இரண்டு மாதங்களுக்குள் பிடிபட்டு, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கேயே இறந்தார். அவருடைய துணிவை இன்று நாடு போற்றுகிறது, அது நியாயமே. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. வாக்கில்லாத மக்கள் தங்கள் தலைவனிடம் கேட்கக்கூடிய கேள்வி, அவன் யாருடைய பிள்ளை என்ற ஒன்றுதான்.

இராமநாதன் பிறந்தது அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1851 ஏப்ரல் 16ஆம் திகதி, கொழும்பில். அவர் யாருடைய பிள்ளை என்று கேட்டால் நீண்ட பதில் உண்டு. தந்தையார் கேற் முதலியார் பொன்னம்பலம். தாயாரின் தந்தை குமாரசுவாமி முதலியார், 1835இல் சட்டநிரூபண சபையின் முதல் தமிழ் அங்கத்தவராக நியமிக்கப்பட்டவர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமியும் அதே ஆசனத்தில் இருந்தவர். 1879இல் மாமன் இறந்தபோது ஆசனம் வெறுமையாயிற்று. மருமகனுக்கு அப்போது வயது 28. கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்துத் திரும்பிய இளம் அப்புக்காத்து.

அக்காலத்தில் தேர்தல் கிடையாது, தேசாதிபதியே நியமிப்பார். மக்கள் செய்யக்கூடியது கூட்டம் கூடி விண்ணப்பம் அனுப்புவது மட்டுமே. கிறிஸ்தோபர் பிறிற்றோ என்ற கிறிஸ்தவ அப்புக்காத்தும் அந்த ஆசனத்தை விரும்பினார். யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவர், கல்வியில் குறைந்தவரல்லர். ஆறுமுக நாவலர் தம் வாழ்நாளின் கடைசி ஆண்டில் இராமநாதனுக்காக முன்னின்று உழைத்தார். நியமனம் இராமநாதனுக்கே கிடைத்தது. கிறிஸ்தவரான வாசகர் சற்று முகம் சுளிக்கலாம். அன்று நம் முன்னோருள் எத்தனை பேர், பிறிற்றோ நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காக அவர் பக்கம் நின்றிருப்பார்கள் என்று நானும் நினைத்துப் பார்த்ததுண்டு. இரு பக்கத்திலும் சமயம் பேசியது, வம்சமும் பேசியது. தகுதியும் பேசியிருக்கும், அதன் குரல் எவ்வளவு கேட்டதென்று சொல்ல முடியாது.

ஆனால் நியமனம் பெற்றபின் அவர் செய்தவற்றைப் பார்க்கவேண்டும். தமிழருக்கான ஆசனத்தில் அமர்ந்திருந்தும், பௌத்தர்களுக்கு வெசாக் தினம் பொது விடுமுறையாக வேண்டுமென்ற கோரிக்கையை ஆதரித்தார். 1885இல் அது நிறைவேறியது. 1890களில் சபையை விட்டு அரசாங்கத்தின் சொலிசிற்றர் ஜெனரலாகி, 1906இல் ஓய்வு பெற்றார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். அமெரிக்காவுக்குச் சென்று சொற்பொழிவாற்றினார். சைவராகிய அவர் மத்தேயு, யோவான் ஆகிய நற்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கவுரை எழுதினார் என்பது நம் வாசகரிற் பலருக்குத் தெரியாதிருக்கலாம். அந்த விளக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அந்நிய மறையொன்றை அவ்வளவு ஊன்றிப் படிக்கும் பொறுமை அக்காலத்து நம்மவரிடம் இருந்ததா என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடப்படுவேன்.

1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி சட்டநிரூபண சபையின் 21 அங்கத்தவருள் நால்வரைத் தேர்தல் மூலம் அனுப்பலாம் என்றாயிற்று. அவற்றுள் இரண்டு ஆசனங்கள் ஐரோப்பியருக்கு, ஒன்று பறங்கியருக்கு. நாலாவது ‘படித்த இலங்கையர்’ ஆசனம். அதற்கு முழுத் தீவும் ஒரே தொகுதி. சிங்களவர், தமிழர் என்ற பேதமின்றி, கல்வித் தகுதியுடைய ஆண்கள் வாக்களிக்கலாம். இலங்கை முழுவதிலும் அப்படிப்பட்டவர்கள் மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. தம்புள்ளையில் குளத்து நீரை நம்பி வயல் செய்தவனுக்கு அதில் இடமில்லை; மாத்தளைத் தோட்டத்தில் கூடை சுமந்தவளைப் பற்றிப் பேச்சே இல்லை.

1911 டிசெம்பரில் தேர்தல். அபேட்சகர் இருவர். ஒருவர் இராமநாதன், வயது 60. மற்றவர் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ. இலண்டனில் மருத்துவம் படித்துச் சிறப்புடன் தேறியவர், வர்த்தகத்திலும் கைதேர்ந்தவர். வாக்காளரில் பெரும்பான்மையோர் சிங்களவர். வாக்குகளை எண்ணியபோது இராமநாதனுக்கு 1,645, பெர்னாண்டோவுக்கு 981. சிங்களவர் பெரும்பான்மையாயிருந்த வாக்காளர், சிங்களவரை விட்டுத் தமிழரைத் தெரிந்தெடுத்தார்கள். நம்முடைய மேடைகளில் இந்தச் செய்தி எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. இனம் பாராமல் தகுதி பார்த்து வாக்களித்த பொற்காலம் என்று நானும் மாணவனாயிருந்தபோது ஒரு பேச்சுப்போட்டியில் முழங்கிப் பரிசு வாங்கினேன்.

பின்னர்தான் மற்றப் பாதியைப் படித்தேன். டாக்டர் பெர்னாண்டோ கராவ சமூகத்தவர். சிங்களவருள் கொவிகம சமூகத்தவர் பலர், கராவ ஒருவர் சபைக்குப் போவதைவிட வெள்ளாளத் தமிழர் போவதே மேல் என்று எண்ணி வாக்களித்தார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுகிறார்கள். இனம் பாராத இடத்தில் சாதி பார்க்கப்பட்டது. இராமநாதனின் முப்பதாண்டுச் சேவையைக் கண்டு வாக்களித்தவர் எத்தனை, பெர்னாண்டோவின் சாதியைக் கண்டு வாக்களித்தவர் எத்தனை என்று வாக்குப்பெட்டி சொல்லாது. அத்தனை பேரும் பரீட்சை தேறியவர்கள். படிப்பு ஒருவனுக்கு வாக்கைக் கொடுத்தது. அதைக் கொண்டு எதைப் பார்க்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

தவறான காரணத்துக்காகவும் சரியான ஆளைத் தெரிவுசெய்யலாம் போலும். 1915இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், டீ. எஸ். சேனநாயக்கா முதலிய சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்த வேளையில் வாய் திறப்பது ஆபத்து. இராமநாதன் சபையில் எழுந்து, அதிகாரிகளின் கொடுமைகளை ஒன்றொன்றாக எடுத்துரைத்தார். முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்க, நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயம் நிறைந்த கடல்வழியே இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916இல் இலண்டனில் இதைப் பற்றி நூலும் வெளியிட்டார். அவர் திரும்பிவந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே அவருடைய வண்டியை இழுத்துச் சென்றார்கள். இதையும் மேடைகளில் கேட்டிருப்பீர்கள்.

மேடையில் சொல்லாதது ஒன்றுண்டு. அந்தக் கலவரத்தில் கடைகளையும் வீடுகளையும் இழந்தவர்கள் முஸ்லிம்கள். தங்கள் துன்பத்தை விட்டுத் தாக்கியவர் பக்கத்துக்காகவே அவர் வாதாடினார் என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு ஏற்பட்டது. முன்னரே 1888இல், முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று அவர் வாதிட்டதையும் அவர்கள் மறக்கவில்லை. அரசின் அநீதியை எதிர்த்தது பெருஞ்செயல். பாதிக்கப்பட்டவர் எல்லோருக்கும் அதே அளவில் பேசினாரா என்பது வேறு கேள்வி. ஒருவரைப் பெரியவர் என்று ஒப்புக்கொண்ட பிறகும் இத்தகைய கேள்வியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

1917இல் மீண்டும் அதே ஆசனத்துக்குத் தெரிவானார். 1921இல் சேர் பட்டம். மருதனார்மடத்தில் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியும், திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியும் அவர் கைப்பட எழுந்தவை. பிந்தியது இருந்த இடத்தில்தான் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1924 முதல் வடமாகாணத் தொகுதியொன்றின் பிரதிநிதியாக இருந்தார்.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கடினமான பகுதி. 1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அப்போது வாக்குரிமை மக்களில் நூற்றுக்கு நாலு பேரளவில்தான் இருந்தது. எல்லோருக்கும் வாக்கு வேண்டுமென்று தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க கேட்டார், பெண்களுக்கும் வேண்டுமென்று மாதர் சங்கத்தினர் கேட்டார்கள். இராமநாதன் வேண்டாமென்றார். படிப்பும் சொத்தும் இல்லாதோர் கையில் வாக்குச் சீட்டைக் கொடுத்தால் நாடு கும்பலின் ஆட்சிக்குட்பட்டுவிடும் என்று அஞ்சினார். உயர்ந்த சாதியார் அல்லாதாருக்கு வாக்கு என்பதும், பெண்களுக்கு வாக்கு என்பதும் அவருக்கு ஏற்கவில்லை. பெண்களுக்கு உயர்கல்வி தரக் கல்லூரி கட்டியவர், அங்கே படித்த பெண் வாக்களிப்பதை விரும்பவில்லை. சிறுபான்மையினர் பெரும்பான்மையின் கீழ் அமிழ்ந்துபோவர் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அது வெறும் கற்பனையல்ல என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று. 1929 டிசெம்பரில் டொனமூர் திட்டம் 19 வாக்குகளுக்கு 17 என்ற கணக்கில் சபையில் தப்பிப் பிழைத்தது. எழுபத்தொன்பது வயதிலும் இலண்டன் சென்று அதைத் தடுக்க முயன்றார், முடியவில்லை. 1930 நவம்பர் 26ஆம் திகதி காலமானார்.

வாசகரே, அவருடைய அச்சத்தை எளிதில் தள்ளிவிடாதீர். சாராயத்துக்கும், சாதிக்கும், பெயருக்கும் வாக்கை விற்பார்கள் என்றுதான் அவர் நினைத்தார். விற்பவர்களை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். ஆனால் 1911இல் அவரையே சபைக்கு அனுப்பிய படித்தவர்களும் சாதி பார்த்தார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா? படித்தவனின் பாரபட்சம் மன்னிக்கப்படும், படியாதவனுடையது மட்டும் உரிமையைப் பறிக்கக் காரணமாகும் என்றால் அது நியாயத் தராசு அல்ல.

1931 யூன் மாதத்தில் சர்வசன வாக்குரிமையின்படி முதற் தேர்தல் நடந்தது. எழுத்தறியாதவருக்காக ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு நிறம். அந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போடவேண்டும். யாழ்ப்பாணத்தில் நான்கு தொகுதிகள் வேறொரு காரணத்துக்காகப் பகிஷ்கரித்தன, அது தனிக்கதை. நிறத்தைப் பார்த்து வாக்களித்த அந்த விவசாயி, பரீட்சை தேறிய மூவாயிரம் பேரைவிட மோசமாகத் தெரிவு செய்தான் என்று நிரூபிக்க இதுவரை யாராலும் முடியவில்லை.

தம்புள்ளை அன்பருக்கு வருகிறேன். உங்கள் மாத்தளை மாவட்டத்திலிருந்து ஐந்து பேர் பாராளுமன்றம் போகிறார்கள்; கட்சிக்கு ஒரு புள்ளடியும், ஆட்களுக்கு மூன்று விருப்பு வாக்கும் உங்கள் கையில் உண்டு. நம்மவர் இல்லை என்று எழுதினீர்கள். பெரிய வெங்காயம் அறுவடையாகும் வேளையில் இறக்குமதிக் கப்பல் வந்து விலை விழுந்தபோது, அந்த அபேட்சகர்களில் யார் சபையில் அதைக் கேட்டார்? குளம் திருத்த ஒதுக்கிய பணம் எங்கே போயிற்றென்று கணக்குக் கேட்டவர் யார்? 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டபோது பேசியவர் யார், வாய் மூடியிருந்தவர் யார், எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தவர் யார்? அவர்கள் என்ன வேலை பார்த்தவர்கள், எந்தக் காரியத்தை முடித்துக் காட்டியவர்கள்? இவற்றுக்கெல்லாம் என்னைவிட உங்களுக்கே பதில் தெரியும்; நீங்கள் நாள்தோறும் அதிகாலையில் சந்தையில் நிற்பவர்.

உங்கள் கடிதத்தின் அடியில், கேள்வியோடு சம்பந்தமில்லாதது போல் ஒரு வரி இருந்தது. உங்கள் பாட்டனார் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத்திலிருந்து நடந்துபோய் வாக்களித்தாராம். மறுநாள் லயத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்து, மூன்று அபேட்சகரைப் பற்றியும் விசாரித்துத்தான் போட்டேன் என்று அவர் சொன்னதை உங்கள் தகப்பனார் கேட்டிருக்கிறார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952இல் அவர் அதே உடுப்பை உடுத்திக்கொண்டு புறப்பட, இடாப்பில் பெயர் இல்லை என்று வழியிலேயே சொல்லித் திருப்பிவிட்டார்களாம். அதற்குப்பின் அவர் வாக்களிக்கவேயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.