இசைக்கு வாயில் திறந்த ஆபிரகாம் பண்டிதர்

இசை ஒரு சாராரின் தனியுடைமை அன்று எனத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த இப்பெருமகனார், எம்மைப் போல் ஆசிரியராய்ப் பணியாற்றிப் பின் சித்த மருத்துவராய்த் தஞ்சையில் நிலைபெற்றார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசைக்கே ஈந்தார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் நிறுவி, தம் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். அந்நாளில் இசை பயில்வோர்க்குப் பெரும்பாலும் பிறமொழிப் பாடல்களே பாடம். தமிழ்ப் பிள்ளைகள் பொருளுணர்ந்து பயிலத் தாமே தமிழில் கீதங்கள் இயற்றினார். 1916-இல் பரோடா மாநாட்டுக்குத் தம் புதல்வியரை அழைத்துச் சென்று அவையறியப் பாடச் செய்தார். மறு ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு, 1919-இல் மறைந்தார்.

பறையும் பாட்டும் நம் முன்னோர் காத்த செல்வம். முறையான இசைக்கல்வியோ நமக்கு நெடுநாள் எட்டாதிருந்தது. இன்று பெரம்பலூரிலேயே அரசு இசைப்பள்ளி உண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பெற்றோரே! பிள்ளைகளை அங்கு அனுப்புவது நம் கடன்.