நந்தலால் போஸ்: முதலாம் ஆண்டுக்கு ஒரு கொப்பி போதும்

போரில் எல்லாம் இழந்த குடும்பத்துப் பிள்ளை ஓவியம் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால், முதலாம் ஆண்டுச் சாமான்களுக்குக் காசெங்கே என்ற கவலைதான் முதலில் வருகிறது. குறிஞ்சாக்கேணியில் அப்படிக் கலங்கும் பெற்றோருக்கு நான் நந்தலால் போஸின் கதையைச் சொல்வேன்.

1882இல் இன்றைய பீகாரில் பிறந்தவர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் கற்றார். 1922 முதல் 1951 வரை சாந்திநிகேதனின் கலாபவனத்துக்குத் தலைமை தாங்கினார். அன்றைய அரசு கலைப்பள்ளிகளில் புது மாணவர்கள் ஐரோப்பியச் சிலைகளின் பிரதிகளைப் பார்த்து வரைந்தார்கள். நந்தலால் தன் மாணவர்களை வெளியே கூட்டிப்போனார். மரத்தையும் மாட்டையும் சந்தால் மக்களின் உழைப்பையும் வரையவைத்தார். 1938இல் காந்தி கேட்க, ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காகக் கையால் செய்த தாளில் மண் நிறங்களால் கிராம மக்களைத் தீட்டினார். 1966இல் மறைந்தார்.

வர்ணமும் கன்வஸும் பிறகு வரட்டும். பிள்ளை இன்றே கொப்பியோடு களப்புக்கரையில் இருந்து தோணியை வரையட்டும். அடிப்படைப் பாடம் அதுதான்.