எலினோருக்கு 1150-ல ஒரு பையன் பிறந்திருந்தா?

1131-ம் வருஷம். பிரான்ஸின் பட்டத்து இளவரசர் பிலிப் பாரிஸ் தெருவுல குதிரையில போயிட்டிருந்தார். குறுக்க ஒரு பன்னி ஓடி வந்துச்சு. குதிரை தடுக்கி விழுந்ததுல இளவரசர் செத்தே போயிட்டார். அவரோட தம்பி லூயி, தேவாலயத்துக்குன்னு நேர்ந்துவிட்ட பையன். படிப்பும் ஜெபமுமா இருந்தவரைக் கூட்டிட்டு வந்து அடுத்த ராஜான்னு முடிசூட்டிட்டாங்க. அந்தப் பன்னி ரெண்டு நிமிஷம் லேட்டா வந்திருந்தா, எலினோருக்கு மாப்பிள்ளையே வேற ஆளு.

எலினோர் அக்விட்டேன் பிரபுவோட மூத்த மகள். இன்றைய பிரான்ஸின் தென்மேற்குப் பகுதிதான் அக்விட்டேன். பேருக்குத்தான் பிரெஞ்சு அரசருக்குக் கட்டுப்பட்டது. பரப்புல, அரசர் நேரடியா ஆண்ட நிலத்தைவிடப் பெரிசு. தம்பி சின்ன வயசுலயே இறந்துட்டதால வாரிசு எலினோர்தான். 1137-ல அப்பா ஸ்பெயினுக்கு யாத்திரை போன இடத்துல இறந்துட்டார். ஜூலை 25-ல போர்தோ நகரத்துல லூயியோட கல்யாணம். ஒரு வாரத்துல மாமனாரும் போய்ச் சேர, பதின்ம வயசுப் பொண்ணு பிரான்ஸ் ராணி. இதுல எதையும் அவரைக் கேட்டு யாரும் முடிவு பண்ணல.

அந்தக் கல்யாணம் ஓட்டிக்கிட்டிருந்ததே பெரிய விஷயம். 1145-ல மரீ என்று ஒரு மகள். 1147-ல ரெண்டு பேரும் சிலுவைப் போருக்குக் கிளம்பினாங்க. அந்தியோக்கியாவை ஆண்டவர் எலினோரோட சித்தப்பா ரேமண்ட். படையை எங்க திருப்புறதுன்னு ரேமண்டுக்கும் லூயிக்கும் தகராறு வர, எலினோர் சித்தப்பா பக்கம் நின்றார். நாம நெருங்கின சொந்தம், திருச்சபைச் சட்டப்படி இந்தக் கல்யாணமே செல்லாதுன்னு முதல்ல பேச்செடுத்தவரும் அவர்தான். லூயி அவரை வலுக்கட்டாயமா இழுத்துட்டுப் போனார். திரும்பி வர்ற வழியில போப் மூன்றாம் யூஜின் ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி, ஒரே கட்டில்ல படுக்க வச்சு அனுப்பினார். நிஜமாவே.

அதோட பலன்தான் 1150-ல பிறந்த ரெண்டாவது குழந்தை. அதுவும் பொண்ணு, ஆலிக்ஸ்.

ஐரோப்பிய வரலாறு திரும்பின இடம் இதுதான்னு நான் சொல்வேன். பையன் பிறந்திருந்தா லூயி விவாகரத்தை நினைச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அந்தப் பையன் அப்பா வழியில பிரான்ஸுக்கும் அம்மா வழியில அக்விட்டேனுக்கும் வாரிசு. வாரிசு வேணும்கிற பதட்டத்துல லூயி ராணியோட சேர்த்து பாதி நாட்டையும் விட்டுக்கொடுத்தார். (குழந்தை ஆணா பொண்ணான்னு தீர்மானிக்கிறது அப்பாவோட குரோமோசோம்னு நமக்கு +2 பயாலஜியில சொல்லிட்டாங்க. 12-ம் நூற்றாண்டு லூயிக்கு யாரும் சொல்லல.)

1152 மார்ச் 21-ல திருமணம் ரத்து. காரணம், நெருங்கின சொந்தம். எலினோர் ஊர் திரும்புற வழியில ரெண்டு பிரபுக்கள் அவரைக் கடத்திக் கல்யாணம் பண்ணிக்கப் பார்த்தாங்க, நிலத்துக்காகத்தான். தனியா இருந்தா அடுத்தவன் தூக்கிட்டுப் போவான்னு அவருக்குப் புரிஞ்சிருக்கணும். 58-வது நாள், மே 18-ல, நார்மண்டி பிரபு ஹென்றியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மாப்பிள்ளைக்கு வயசு 19, எலினோருக்கு 30-ஐ ஒட்டி. லூயியைவிட ஹென்றி இன்னும் நெருங்கின சொந்தம்! லூயிகிட்ட அனுமதியும் கேட்கல. ஆல்டர்நேட் ஹிஸ்டரி எழுதுறவங்க அவரை ராஜாக்களுக்கு நடுவுல கைமாறின சொத்து மாதிரியே பேசுவாங்க. இந்த 58 நாளைப் பார்த்தா அப்படித் தோணல.

1154-ல ஹென்றி இங்கிலாந்து ராஜா ஆனார். ஸ்காட்லாந்து எல்லையிலேர்ந்து பிரனீஸ் மலை வரைக்கும் ஒரே குடும்பத்தோட கையில. எட்டு குழந்தைங்க, அதுல அஞ்சு பேர் பசங்க. லூயிக்குக் கிடைக்காத பசங்கதான் ஹென்றிக்குத் தலைவலி. 1173-ல மூணு மகன்கள் அப்பாவுக்கு எதிரா கிளம்ப, எலினோர் அவங்க பக்கம். ஆண் வேஷத்துல தப்பிக்கும்போது பிடிபட்டு, சுமார் 16 வருஷம் காவல்ல இருந்தார். 1189-ல ஹென்றி இறந்த பிறகுதான் விடுதலை. அடுத்து ராஜா ஆன மகன் ரிச்சர்ட் ஜெர்மனியில சிறைப்பட்டப்போ, கேட்ட 1,50,000 மார்க் வெள்ளிக்காக நாட்டையே சல்லடை போட்டு வசூல் பண்ணினதும் இந்த அம்மாதான்.

பையன் பிறந்திருந்தா ரிச்சர்டும் இல்ல, ஜானும் இல்ல, ஜான் 1215-ல முத்திரை வச்ச மாக்னா கார்ட்டாவும் அப்படியே வந்திருக்காது. 1337-ல பிரெஞ்சு அரசர் அக்விட்டேனைப் பறிக்க, நூறாண்டுப் போர் தொடங்கிச்சு. பறிக்க அங்க இங்கிலாந்துக்கு எதுவும் இருந்திருக்காது. இங்கிலாந்தும் பிரான்ஸும் சண்டையே போட்டிருக்காதுன்னு சொல்றது ஓவர், நடுவுல நார்மண்டி இருக்கே. ஆனா 1453 வரைக்கும் இழுத்த அந்தக் குறிப்பிட்ட போருக்குத் தீப்பொறி வேற இடத்துலேர்ந்துதான் வந்திருக்கணும்.

1200-ல, 75-ஐத் தாண்டின வயசுல, குளிர்காலத்துல பிரனீஸ் மலையைக் கடந்து காஸ்டீலுக்குப் போனார். சமாதானத்துக்காக ஒரு பேத்தியை பிரெஞ்சு இளவரசருக்குக் கட்டி வைக்கணும். மூத்தவள் உர்ராகாவை விட்டுட்டு 12 வயசு பிளான்ஷைக் கூட்டிட்டு வந்தார். மாப்பிள்ளை யாருன்னா, முன்னாள் கணவர் லூயியோட பேரன்! பிளான்ஷ் பெத்த மகன் ஒன்பதாம் லூயி 1226-ல பிரான்ஸ் அரியணை ஏறினார். 1150-ல பிறக்காத வாரிசு, ரெண்டு தலைமுறை சுத்தி வந்துட்டார்.

எலினோர் அதைப் பார்க்கல. 1204 வசந்தகாலத்துல இறந்துட்டார். ஃபோன்டெவ்ரோ மடத்துல ஹென்றிக்கும் ரிச்சர்டுக்கும் பக்கத்துலயே அவருக்கும் கல்லறை. அதே வருஷம் நார்மண்டி பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போயிடுச்சு. அவர் சீதனமா கொண்டு வந்த போர்தோ மட்டும் இன்னும் ரெண்டரை நூற்றாண்டு இங்கிலாந்து கையிலயே இருந்துச்சு.