மாற்று உறுப்பை உடல் நிராகரிப்பது ஏன்?: விடை கண்ட பீட்டர் மெடவார்

உறுப்பு மாற்று மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பிரிட்டன் உயிரியலாளர் பீட்டர் மெடவார், 1915 பிப்ரவரி 28-இல் பிரேசிலில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தீக்காயமடைந்தோருக்குப் பிறரது தோலைப் பொருத்தினால் அது சில நாள்களிலேயே அழிந்துபோனது. கிளாஸ்கோ நகரில் அறுவை சிகிச்சை நிபுணர் தாமஸ் கிப்சனுடன் இதை ஆராய்ந்த மெடவார், அதே கொடையாளரின் தோலை மீண்டும் பொருத்தியபோது அது முன்பைவிட விரைவாக அழிவதைக் கண்டார். அந்நியத் திசுவை நினைவில் வைத்துத் தாக்குவது நோயெதிர்ப்பு மண்டலமே என்பது இதனால் புலனானது.

1953-இல் பில்லிங்காம், பிரெண்ட் ஆகியோருடன் இணைந்து, கருவிலிருந்த சுண்டெலிகளுக்கு வேறு வகை எலியின் செல்களைச் செலுத்தினார். வளர்ந்தபின் அவை அந்த வகை எலியின் தோலை ஏற்றுக்கொண்டன. இதற்காக 1960-இல் மெக்ஃபார்லேன் பர்னெட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1969-இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டும் எழுத்தையும் ஆய்வையும் கைவிடாத அவர், 1987 அக்டோபர் 2-இல் லண்டனில் காலமானார்.

அவர் கண்டறிந்த தடை நுரையீரல் மாற்று சிகிச்சையில் இன்றும் நீடிக்கிறது. 1963-இல் அமெரிக்காவில் முதன்முதலாக நுரையீரல் பொருத்தப்பட்டவர் 18 நாள்களே உயிர்வாழ்ந்தார். பின்னர் வந்த எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்துகள் உடனடித் தாக்குதலைக் கட்டுப்படுத்தின. எனினும், சுவாசத்துடன் நுழையும் கிருமிகளும் மாசும் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. இதனால் நுண்ணிய சுவாசக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்குகின்றன. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்நிலை ஏற்படுகிறது. சுண்டெலிகளிடம் மெடவார் உருவாக்கிய இணக்கத்தை நுரையீரல் பெறும் நோயாளிகளிடம் உருவாக்குவதே மருத்துவ உலகின் முன்னுள்ள சவாலாகும்.