தோல்வியையும் எழுதிவைத்த தளபதி

1942 மே மாதத்தில், பருவமழை தொடங்கிய வேளையில், பர்மாவிலிருந்து இந்திய எல்லையை நோக்கித் தோற்றுப்போன சேனையொன்று நடந்துகொண்டிருந்தது. அதே பாதையிலும் அயற்பாதைகளிலும் அம்மண்ணில் வாழ்ந்த இந்திய மக்கள் குழந்தைகளைத் தோளிற் சுமந்தவண்ணம் நடந்தனர். தலைமுறைகளாக ரங்கூனில் வாழ்ந்த தமிழரும் அவர்களுள் இருந்தனர். அவ்வாண்டில் வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் என்பர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். நல்ல பாதை ஐரோப்பியருக்கு, கடும்பாதை இந்தியருக்கு என ஆட்சியாளர் வகுத்தனர் என்று இந்தியத் தலைவர்கள் அன்றே குற்றஞ்சாட்டினர். மாண்டவர்களிற் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சேனையை நடத்திவந்தவரின் பெயரை வரலாறு அறியும். அவர் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்.

1891இல் பிரிஸ்டல் நகரிற் பிறந்த ஸ்லிம், இரும்புச் சாமான் வணிகர் ஒருவரின் மகன். பல்கலைக்கழகம் செல்லப் பணமின்றி, பர்மிங்காமில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராகவும் பின்னர் எழுதுவினைஞராகவும் வேலை பார்த்தார். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளே அதிகாரிகளான காலம் அது. 1914இல் போர் மூண்டிராவிடில் இவர் அப்பதவியை எட்டியிருப்பது ஐயமே. கலிப்போலியிற் படுகாயமடைந்து தப்பியவர், 1919இல் இந்திய இராணுவத்துக்கு மாறினார். அங்கு சம்பளத்தைக் கொண்டே வாழ முடிந்தது என்பதும் ஒரு காரணம். அதுவும் போதாமையால் புனைபெயரிற் கதைகள் எழுதினார்.

பர்மாவிலே 900 மைல் பின்வாங்கிய அவரது படை, கந்தலாடையுடன் இம்பால் வந்து சேர்ந்தபோதும் ஆயுதங்களைக் கைவிடவில்லை. 1943இல் பதினான்காம் சேனையை ஏற்றபோது, அவர் முதலிற் போரிட்டது நோயுடன். காயமுற்ற ஒருவருக்கு 120 நோயாளர் என்ற வீதத்தில் வீரர்கள் முன்னரங்கிலிருந்து அகற்றப்பட்டனர். மலேரியா மாத்திரையை எல்லோரும் விழுங்குகின்றனரா என்று முன்னறிவித்தலின்றிச் சோதிப்பித்தார். குறைகண்ட படைப்பிரிவுகளின் தலைவர்கள் மூவரைப் பதவிநீக்கினார். அதன்பின் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

1944இல் இம்பாலிலும் கோகிமாவிலும் யப்பானியர் முறியடிக்கப்பட்டனர். யப்பானியருடன் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் நின்றது. மலாயாத் தமிழர் பலர் சேர்ந்த சேனை அது. ஸ்லிமின் படையிலும் பெரும்பாலோர் இந்தியரே. இருபுறமும் இந்தியர் மடிந்த அப்போரை வெற்றி என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

1945 மே மாதத்தில் ரங்கூன் மீட்கப்பட்டது. அதே மாதத்தில் அவரை அச்சேனையின் தலைமையிலிருந்து அகற்ற மேலதிகாரி முயன்றார். முடிவிற் பதவியிழந்தவர் அம்மேலதிகாரியே. பின்னர் ஸ்லிம் பிரித்தானியப் படைகளின் தலைமை அதிகாரியாகவும், பீல்ட் மார்ஷலாகவும், 1953 முதல் 1960 வரை அவுஸ்திரேலியாவின் மகாதேசாதிபதியாகவும் விளங்கி, 1970இல் இலண்டனிற் காலமானார்.

1956இல் வெளிவந்த அவரது போர் நினைவு நூலின் முதற்பகுதி முழுவதும் தோல்வியைப் பற்றியது. தளபதிகள் எழுதும் நூல்களிற் பழி பெரும்பாலும் பிறர்மீதே விழும். ஸ்லிம் பர்மாவில் தாம் தவறியவற்றைத் தாமே கணக்கெடுத்தார். கோகிமாவுக்கு ஒரு சிறுபடையே வரும் எனக் கணித்திருந்தவேளை, வந்தது ஒரு முழு டிவிஷன். அது தமது பிழையே என ஒப்புக்கொண்டார். அகதிகள் பட்ட அவலத்துக்கும் அந்நூலில் இடமுண்டு.