டைட்டானிக்கில் இருந்து டென்னிஸ் களத்துக்கு!

டைட்டானிக் கப்பல் மூழ்கிய கதை உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். சினிமாவில் கூடப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கப்பலில் உண்மையாகவே பயணம் செய்து, உயிர் தப்பிய ஒருவரைப் பற்றித் தான் இப்போது சொல்லப் போகிறேன். அவர் ஒரு வக்கீல்; பின்னாளில் பெரிய கம்பெனிகளின் நிர்வாகி. எல்லாவற்றையும் விட, டென்னிஸ் என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம்!

கார்ல் ஹோவெல் பெஹர் என்பது அவரது முழுப்பெயர். அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதியில், மே 30, 1885ல் பிறந்தார். அப்பா, உப்புத்தாள் தயாரிக்கும் தொழில் நடத்தியவர். கதவு, ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கும் முன் தேய்ப்பார்களே, அந்தச் சொரசொரப்பான தாள் தான் உப்புத்தாள். வசதியான குடும்பம், படிப்புக்குக் குறைவில்லை. புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1906ல் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில், அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டியில் கிட்டத்தட்ட கடைசிப் படி வரை முன்னேறினார். அங்கே வில்லியம் கிளோதியர் என்பவரிடம் தோற்றார். அந்த ஆண்டின் சாம்பியன் ஆனவரும் கிளோதியர் தான். 21 வயது இளைஞருக்கு இது சாதாரண விஷயமா, என்ன!

அடுத்த ஆண்டு, டேவிஸ் கோப்பைக்கான அமெரிக்க அணியில் இடம் கிடைத்தது. நாட்டுக்கு நாடு மோதும் இந்தப் போட்டி, 1900ல் தொடங்கியது. நம் ராமநாதன் கிருஷ்ணனும், விஜய் அமிர்தராஜும் பின்னாளில் இந்தியாவுக்காக ஆடினார்களே, அதே போட்டி தான். 1907ல், இங்கிலாந்தின் விம்பிள்டனுக்குக் கப்பலேறினார் கார்ல். அவருடன் ஜோடி சேர்ந்தவர் பீல்ஸ் ரைட்.

முதலில், விம்பிள்டன் இரட்டையர் போட்டியில், நார்மன் புரூக்ஸ் - அந்தோணி வைல்டிங் ஜோடியிடம் இருவரும் தோற்றனர். சில நாட்களில், டேவிஸ் கோப்பை இரட்டையர் ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது அதே ஜோடி! இம்முறை கார்லும், ரைட்டும் விடவில்லை; வென்று காட்டினர். ஆனால், ஒற்றையர் ஆட்டங்கள் இரண்டிலும் கார்ல் தோற்றுப் போனார். 3 - 2 என்ற கணக்கில் அமெரிக்கா தோற்றது.

ஊர் திரும்பியவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1910ல் வக்கீலானார். பகலில் சட்டப் புத்தகம், மற்ற நேரத்தில் டென்னிஸ் மட்டை என நாட்கள் ஓடின.

இந்த நேரத்தில் தான், தங்கையின் தோழியான ஹெலன் நியூசம் என்ற பெண்ணை, கார்ல் விரும்பினார். ஹெலனின் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பெண்ணை வெளியூர் அழைத்துப் போனால் மனம் மாறி விடும் என்று, 1912ல், அவரும், கணவர் பெக்வித்தும் ஹெலனை ஐரோப்பாவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றனர். கார்ல் சும்மா இருப்பாரா? தொழில் விஷயமாகப் போவதாகக் காரணம் சொல்லி, அவரும் ஐரோப்பாவுக்குக் கிளம்பி விட்டார்!

அவர்கள் டைட்டானிக் என்ற புதுக் கப்பலில் ஊர் திரும்பப் போகின்றனர் என்று தெரிந்ததும், அதிலேயே இவரும் டிக்கெட் வாங்கினார். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் ஹெலன் குடும்பத்தார் ஏறினர். பிரான்சின் ஷெர்பூர்க் துறைமுகத்தில், ஏப்ரல் 10, 1912 மாலையில் கார்ல் ஏறினார்.

ஏப்ரல் 14ம் தேதி, இரவு, 11:40 மணி... கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதிர்வை உணர்ந்த கார்ல், உடனே ஹெலனைத் தேடி ஓடினார். அவளது பெற்றோரையும், உடன் வந்த நண்பர்களையும் எழுப்பி, எல்லாருமாக மேல் தளத்துக்குச் சென்றனர்.

இந்த இடத்தில், ஒரு விவரத்தைக் கவனமாகப் படியுங்கள். கப்பலில் உயிர்காக்கும் படகுகள், இரண்டு பக்கமும் இருந்தன. இடப்பக்கத்தில் பொறுப்பாக இருந்த அதிகாரி லைட்டாலர், பெண்களையும், குழந்தைகளையும் மட்டுமே ஏற்றினார். வலப்பக்கத்தில் இருந்த அதிகாரி மர்டாக், பக்கத்தில் பெண்கள் யாரும் இல்லாவிட்டால், ஆண்களும் ஏறலாம் என்று விட்டார். ஒரே கப்பல், ஒரே இரவு. எந்தப் பக்கம் நின்றார்களோ, அதைப் பொறுத்து உயிர் பிழைத்தது!

கார்ல் நின்றது வலப்பக்கம். அங்கே 5ம் எண் படகில் ஆட்களை ஏற்றிக் கொண்டிருந்தனர். அவ்வளவு பெரிய கப்பல் மூழ்கும் என்று அந்த நேரத்தில் பலரும் நம்பவில்லை. இருட்டில், சிறு படகில் இறங்கத் தயங்கினர். ஹெலனின் அம்மா, தங்களுடன் இருக்கும் ஆண்களும் ஏறலாமா என்று கேட்டார். கப்பல் கம்பெனியின் தலைவர் இஸ்மே அங்கு இருந்தார். அவர், எல்லாருமே ஏறலாம் என்று அனுமதி தந்தார். கார்லும் ஏறினார்.

அந்தப் படகில் 65 பேர் அமரலாம். ஏறத்தாழ 40 பேர் தான் இருந்தனர். மீதியை நீங்களே கழித்துப் பாருங்கள்.

அதிகாலை 2:20 மணிக்கு டைட்டானிக் மூழ்கியது. அதில் இருந்த சுமார் 2,200 பேரில், 1,500 பேர் இறந்தனர். படகில் இருந்தவர்கள் தூரத்தில் இருந்து அதைப் பார்த்துக் கொண்டிருந்தனர். தண்ணீரில் தத்தளித்தவர்களின் கூக்குரலும் கேட்டது. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது...

விடியும் நேரத்தில், கேப்டன் ரோஸ்ட்ரானின் கார்பேத்தியா கப்பல் வந்து, படகுகளில் இருந்த எழுநூற்றுச் சொச்சம் பேரைக் காப்பாற்றியது. நியூயார்க் போய்ச் சேர்வதற்குள், தப்பியவர்களில் சிலர் ஒரு குழு அமைத்தனர். கார்லும் அதில் ஒருவர். கேப்டனுக்கு வெள்ளிக் கோப்பையும், கார்பேத்தியாவின் ஊழியர் அனைவருக்கும் பதக்கமும் தர அக்குழு ஏற்பாடு செய்தது. கேப்டன் முதல், நிலக்கரி அள்ளிப் போட்டவர் வரை யாரையும் விடவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கார்பேத்தியாவில் இன்னொரு டென்னிஸ் வீரரும் இருந்தார். ரிச்சர்ட் வில்லியம்ஸ், வயது 21. கப்பலின் புகைபோக்கி சரிந்து விழுந்ததில், அவரது அப்பா கண் முன்னே இறந்து விட்டார். பாதி மூழ்கிய ஒரு படகில், பனி போன்ற நீரில் மணிக்கணக்கில் நின்றதால், வில்லியம்சின் கால்கள் மரத்துப் போயிருந்தன. அவற்றை வெட்டி எடுப்பது நல்லது என்றார் டாக்டர். வில்லியம்ஸ் சம்மதிக்கவில்லை. வலியைப் பொறுத்து, தளத்தில் நடந்து நடந்தே கால்களைக் காப்பாற்றிக் கொண்டார். கார்ல் அவரை அங்கு தான் சந்தித்தார்.

மூன்றே மாதத்தில், பாஸ்டன் நகருக்கு அருகே, லாங்வுட் போட்டியில், இருவரும் எதிரெதிரே நின்றனர். முதல் இரண்டு செட்களையும் வில்லியம்ஸ் வென்றார். அதன் பின் கார்ல் சுதாரித்து, மூன்று செட்களையும் கைப்பற்றி, ஆட்டத்தை வென்றார். 1914ல், நியூபோர்ட் நகரில் நடந்த அமெரிக்க தேசியப் போட்டியின் கால் இறுதியில், மீண்டும் மோதினர். இந்த முறை வென்றது வில்லியம்ஸ். அந்த ஆண்டு சாம்பியன் பட்டமும் அவருக்கே!

ஹெலன் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? மார்ச் 1, 1913ல், நியூயார்க்கில் இருவருக்கும் திருமணம் நடந்தது. நான்கு பிள்ளைகள் பிறந்தனர். அவர்களில் பீட்டர், பின்னாளில் கலிபோர்னியா மாநிலத்தின் மேல்சபை உறுப்பினராகி, 1972ல், அங்குள்ள ஆறுகளைக் காக்கும் சட்டம் கொண்டு வந்தார்.

கார்ல் பிறகு வக்கீல் தொழிலில் இருந்து நிதித் துறைக்கு மாறினார். டில்லன் ரீட் என்ற பெரிய நிதி நிறுவனத்தின் துணைத் தலைவரானார். குட்இயர் டயர் கம்பெனி போன்றவற்றின் இயக்குனர் குழுவிலும் இருந்தார்.

பணம், பதவி, குடும்பம் எல்லாம் இருந்தும், ஒரு விஷயம் அவரை அரித்துக் கொண்டே இருந்தது. டைட்டானிக்கில் தப்பிய ஆண்களை, அந்தக் காலத்தில் பலர் ஏளனமாகப் பார்த்தனர். அத்தனை பேர் இறந்தபோது, நான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்ற எண்ணம் கார்லையும் வாட்டியதாக, அவரது குடும்பத்தார் எழுதியுள்ளனர்.

அவர் செய்தது சரியா, தவறா? அவர் யாரையும் தள்ளி விட்டு ஏறவில்லை. அனுமதி பெற்றே ஏறினார். அவர் ஏறாமல் இருந்திருந்தால், படகில் இன்னொரு இடம் காலியாகப் போயிருக்கும், அவ்வளவு தான். அதே சமயம், கீழ்த்தளத்தில் இருந்த ஏழைப் பயணிகள் பலர், அப்போது மேலே வந்து சேரவே இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் யோசித்துப் பாருங்கள். கார்ல் குற்றவாளி அல்ல என்பது தான் என் எண்ணம். ஆனால், மனசு சட்டப் புத்தகம் பார்த்தா தீர்ப்புச் சொல்கிறது?

அக்டோபர் 15, 1949ல், 64வது வயதில், நியூயார்க்கில் காலமானார் கார்ல். இருபது ஆண்டுகள் கழித்து, 1969ல், டென்னிஸ் உலகின் உயரிய கவுரவமான, 'ஹால் ஆப் பேம்' பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. வில்லியம்ஸ் பெயர், 1957லேயே இடம்பெற்று விட்டது. அந்த நினைவரங்கம் இருப்பது, நியூபோர்ட் நகரில். 1914ல் இருவரும் மோதினார்களே, அதே மைதானத்தில் தான்!